பரண்ல கிடக்குற பழைய ரெக்கார்டு... கீறல் இருந்தா என்ன விலை போகும்?

புதூர்நாடு மாதிரி ஒரு மலை ஊர்ல, உங்க தாத்தாவோ பெரியப்பாவோ அந்தக் காலத்துல மைக் செட் வாடகைக்கு விட்டவரா? அப்படின்னா பரண்ல ஒரு தகரப் பெட்டியும், அதுக்குள்ள கறுப்புக் கறுப்பா இசைத்தட்டுகளும் இருக்க வாய்ப்பு இருக்கு மக்களே. எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. அதுக்காக ரீல்ஸ் பார்த்துட்டு லட்சக் கனவும் காண வேண்டாம். பாட்டு யாரோடதுங்கிறது பாதி விலைதான். தட்டு எந்த நிலைமையில இருக்குங்கிறதுதான் மீதி.

சேகரிப்பாளர்கள் உலகம் முழுக்க 'கோல்ட்மைன்'ங்கிற அமெரிக்கப் பத்திரிகையோட தர வரிசையைத்தான் பயன்படுத்துறாங்க. புதுசு போலவே இருந்தா 'நியர் மின்ட்'. அந்த நிலையில ஒரு தட்டு 2,000 ரூபாய் போகும்னு வெச்சுக்குவோம். லேசான கோடுகள் இருந்தா அது 'வெரி குட் பிளஸ்'. விலை சுமார் 1,000-க்கு இறங்கிடும். பாட்டுக்கு நடுவுல கரகரப்பு கேட்டா 'வெரி குட்', 500 ரூபாய்தான். அதுக்கும் கீழ 'குட்'. பேரைப் பார்த்து ஏமாந்துடாதீங்க, தேய்ஞ்சு போனதுக்குத்தான் அந்தப் பேர். 200, 300 கிடைச்சாலே அதிகம்.

கீறலைக் கண்டுபிடிக்க உங்க போனே போதும். தட்டோட ஓரத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டு, டார்ச்சைச் சாய்வா அடிச்சுப் பாருங்க. வெளிச்சத்துல மட்டும் தெரியுற மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் சத்தத்துல வராது. நகத்தை மெதுவா குறுக்கே ஓட்டுறப்போ தட்டுப்படுற கீறல்தான் வில்லன். எல்.பி. தட்டு நிமிஷத்துக்கு 33⅓ தடவை சுத்தும். அதனால குறுக்கே விழுந்த ஒரு கீறல் 1.8 விநாடிக்கு ஒருமுறை 'டிக்' அடிச்சுக்கிட்டே இருக்கும். பள்ளத்தோட போக்குலயே விழுந்த கீறல் இன்னும் மோசம். ஊசி அதே இடத்துல மாட்டிக்கும். 'கீறல் விழுந்த ரெக்கார்டு'னு அம்மா திட்டுவாங்களே, அது இதுதான்.

மைக் செட் தட்டுகள்ல கண்ணுக்குத் தெரியாத சிக்கல் ஒண்ணு உண்டு. திருவிழா, கல்யாணம், காதுகுத்துன்னு தேய்ஞ்ச ஊசியில நூத்துக்கணக்கான தடவை ஓடியிருக்கும். மேலே கீறலே இல்லாம பளபளன்னு இருந்தாலும், பள்ளத்தோட சுவர் தேய்ஞ்சு போய் குரல் பிசிறடிக்கும். அதனால ஓட்டிக் கேட்காம எந்த வியாபாரியும் முழு விலை சொல்ல மாட்டார். லேபிள்ல பெயின்ட்லயோ பேனாவுலயோ சவுண்ட் சர்வீஸ் பேர் எழுதியிருந்தா அதுவும் விலையைக் குறைக்கும். ஆனா, சுரண்டி எடுக்காதீங்க. சுரண்டின லேபிளைவிட எழுதின லேபிள் எவ்வளவோ மேல்.

வளைஞ்ச தட்டு இன்னொரு தலைவலி. தகரக் கூரைக்குக் கீழ, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, மேல டிரங்குப் பெட்டியும் வெச்சிருந்தா கேக்கவே வேணாம். வினைல் ஒரு பிளாஸ்டிக். வெயில் பட்டா இளகும். இஸ்திரிப் பெட்டி வெச்சு நிமிர்த்துற வேலையெல்லாம் வேணாம், ப்ளீஸ்!

பூஞ்சை வேற விஷயம். மலை ஈரத்துல வெள்ளை வெள்ளையா படிஞ்சிருந்தாலும், காய்ச்சி வடிகட்டின தண்ணியும் மெத்துன்னு ஒரு துணியும் இருந்தா பல நேரம் போயிடும். லேபிள் மட்டும் நனையக் கூடாது. சானிட்டைசர், ஸ்பிரிட் பக்கம் போகாதீங்க. ஏன்னா, உங்க பெட்டியில இருக்குறது 78 ஆர்.பி.எம். தட்டா இருக்கலாம். அது வினைல் இல்ல, அரக்குல செஞ்சது. ஆல்கஹால் பட்டா அரக்கு கரையும். கைதவறி விழுந்தா அப்பளம் மாதிரி உடையும். ஓரத்துல சின்ன விரிசல் இருந்தாலும் விலை பாதாளத்துக்குப் போயிடும். ஆனா, கிடைக்கவே கிடைக்காத தட்டுன்னா கணக்கே மாறும். 1960-கள்ல பீட்டில்ஸ் பாட்டுகளை இந்தியாவுல 78 தட்டா போட்டாங்க. அதுல கொஞ்சம் தேய்மானம் இருந்தாலும் வெளிநாட்டுக்காரங்க தேடி வாங்குறாங்க.

அட்டைக்குத் தனி மதிப்பெண். செல்லரிச்சது, ஓரம் கிழிஞ்சது, உள்ளே இருக்குற தட்டோட வட்டம் அட்டையில பதிஞ்சதுன்னு எல்லாத்துக்கும் கழிவு உண்டு. கிழிசலுக்கு செலோடேப் ஒட்டுனா பழுப்பேறி இன்னும் கெடும். கிழிஞ்சது கிழிஞ்சபடியே இருக்கட்டும்.

விக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டா, ரெண்டு பக்கத்தையும் அட்டையையும் தனித்தனியா போட்டோ எடுங்க, கீறலை மறைக்காதீங்க. சென்னைக்குக் கொண்டுபோறதுன்னா சென்ட்ரல் பக்கத்துல லில்லி பாண்ட் வளாகம் இருக்கு. 1985-ல மூர் மார்க்கெட் எரிஞ்சதுக்கு அப்புறம் பழைய பொருள் கடைகள் இடம் மாறினது அங்கேதான். மலைப்பாதை வளைவுல பஸ் இறங்குறப்போ பெட்டிக்குள்ள தட்டுகள் நின்னபடி, ஆடாம இருக்கணும். இடைவெளி இருந்தா பழைய வேட்டியைச் சுருட்டி அடைச்சிடுங்க.