சூளையிலிருந்து ஆங் மோ கியோ வரை: சிங்கப்பூரில் தொழிற்கல்வி நுழைந்த வாசல்கள்

சிராங்கூன் சாலையில் 1850களின் இறுதியில் அரசாங்கச் செங்கல் சூளை ஒன்று எரியத் தொடங்கியது. மண்ணைப் பிசைந்து, அச்சில் அறுத்து, உலர்த்தி, சூளையில் அடுக்கியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். அவர்கள் செய்த செங்கல் 1867ல் ஆக்ராவில் நடந்த கண்காட்சியில் பதக்கம் பெற்றது. கைதிகளின் பொறுப்பாளராக இருந்த மக்நாயர் 1899ல் வெளியிட்ட நூலில் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட தொழில்களை விரிவாகப் பதிந்திருக்கிறார்: தச்சு, கொல்லு, கல் உடைப்பு, கொத்துவேலை, சுண்ணாம்புக் காளவாய். புனித ஆண்ட்ரூ தேவாலயத்தின் சுவரில் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக் கருவையும் சர்க்கரையையும் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் சேர்த்து, பூசியபின் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். நம் ஊர்க் கொத்தனார்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிய நுட்பம் அது.

சிங்கப்பூரில் ஓர் அரசு முறையாக, பெரிய அளவில் நடத்திய முதல் தொழிற்பயிற்சிகளுள் ஒன்று சிறைக்குள் நடந்தது என்பதை நான் தற்செயல் என்று கருதவில்லை. தொழிற்கல்வியின் வரலாற்றை எழுதுபவர்கள் எந்த ஆண்டில் எந்த நிறுவனம் பிறந்தது என்றே எழுதுகிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி வேறு. பட்டறைக்குள் நுழைகிறவன் எந்த வாசல் வழியாக, எந்த வயதில், எதைக் கையில் வைத்துக்கொண்டு நுழைகிறான்? கைத்தொழிலின் மதிப்பு பட்டறையின் தரத்தைக் காட்டிலும் அந்த வாசலாலேயே தீர்மானிக்கப்பட்டது. இக்கட்டுரை அதை நிறுவ முயல்கிறது.

1873ல் கைதிக் குடியேற்ற முறை முடிவுக்கு வந்தது. அதன்பின் நெடுங்காலம் ஆங்கிலப் பள்ளிகள் எழுத்தர்களைத்தான் உருவாக்கின. துறைமுகத்திலும் ரயில் தடத்திலும் சாலைப் பணியிலும் இறங்கிய தமிழர்கள் வேலையை வேலையிடத்திலேயே கற்றார்கள். சான்றிதழ் என்று ஒன்று அவர்கள் கைக்கு வரவில்லை. 1954ல் சட்டத்தின்வழி உருவான சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரிதான் முதல் பெரிய திருப்பம்.

அவசரம் 1960களில் வந்தது. வின்செமியஸ் தலைமையிலான ஐக்கிய நாடுகள் குழு தொழில்மயமே வழி என்றது. 1961ல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் அமைந்தது. அதே ஆண்டில் சான் சியூ கியாட் ஆணையம் தொழிற்கல்வி குறித்து அறிக்கை தந்தது. 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்ததும் படைத்தளங்களை நம்பியிருந்த குடும்பங்களின் அடுப்பே கேள்விக்குறியானது. அவர்களில் தமிழ், மலையாளக் குடும்பங்கள் நிறைய. அந்த ஆண்டே கல்வி அமைச்சில் தொழில்நுட்பக் கல்வித் துறை தொடங்கியது.

மறுஆண்டு நடந்தது பலருக்கும் நினைவில் இல்லை. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பக்கம் அதுதான். 1969 முதல் உயர்நிலைப் பள்ளியின் கீழ்வகுப்பு மாணவர்கள் அனைவரும், மாணவிகளில் பாதிப்பேரும் தொழில்நுட்பப் பாடம் படிக்கவேண்டும் என்றது அரசு. உலோகவேலை, மரவேலை, தொழில்நுட்ப வரைபடம், அடிப்படை மின்னியல். பள்ளிக்குப் பள்ளி பட்டறை கட்ட நேரமில்லை. அதனால் பொதுப் பட்டறைகள் அமைத்துப் பல பள்ளிகளின் பிள்ளைகளை முறைவைத்து அனுப்பினார்கள். மருத்துவர் ஆகப்போகிறவனும் கணக்கர் ஆகப்போகிறவனும் ஒரே மேடையில் அரம் பிடித்து இரும்பை ராவினான். பிளக்கில் கம்பி மாட்டக் கற்றான். தேர்வில் தோற்றதால் அங்கே வந்தவன் ஒருவனும் இல்லை. பட்டறைக்கு எல்லோரும் ஒரே வாசல் வழியாகப் போன காலம் அது. வாழ்க்கைத் திறன் என்று இன்று தனிப்பாடமாகப் பேசுவதெல்லாம் அன்று கால அட்டவணைக்குள்ளேயே இருந்தது. குறை இல்லாமல் இல்லை: பெண்பிள்ளைகளில் மறுபாதியை மனையியலுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆணும் பெண்ணும் மரவேலையும் சமையலும் சேர்ந்து கற்க 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதே காலத்தில் பொருளியல் வளர்ச்சிக் கழகம் வேறொரு வழியில் போனது. 1972ல் டாடா நிறுவனத்தோடு சேர்ந்து அரசுப் பயிற்சி நிலையம் திறந்தது. 1973ல் ஜெர்மனியின் ரோலை கேமரா நிறுவனம், 1975ல் பிலிப்ஸ். நிறுவனம் தனக்கு வேண்டிய ஆட்களைவிடக் கூடுதலாகப் பயிற்றுவித்து, மிச்சத்தை மற்ற தொழிற்சாலைகளுக்கு விட்டுவிட வேண்டும் என்பதே ஒப்பந்தத்தின் உயிர்நாடி. 1981ல் ரோலை நொடித்துப்போனது. இயந்திரங்கள் விலைபோயின, மனிதர்கள் கற்றது அவர்களோடேயே இருந்தது. அவர்கள் மற்ற துல்லியப் பொறியியல் கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். திறன் நிறுவனத்துக்குச் சொந்தமல்ல, கற்றவனுக்கே சொந்தம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பின்னர் 1979 வந்தது. துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையில் தயாரான அறிக்கை பள்ளியில் எத்தனை பிள்ளைகள் உதிர்கிறார்கள் என்று எண்ணிச் சொன்னது. நூற்றுக்கு 29 பேர் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வோடு நின்றார்கள். மேலும் 36 பேர் உயர்நிலையைச் சரியாக முடிக்கவில்லை. உதிர்வு உண்மை, அதைக் கண்டுகொண்ட நேர்மையும் உண்மை. ஆனால் கண்ட மருந்து தரம்பிரித்தல். தொடக்கநிலை மூன்றின் முடிவில், அதாவது ஏறத்தாழ ஒன்பது வயதில், பிள்ளையின் பாதை பிரிந்தது. ஒருமொழிப் பிரிவுக்குப் போன பிள்ளை எட்டு ஆண்டு தொடக்கப்பள்ளியில் இருந்துவிட்டு நேராகத் தொழிற்பயிற்சிக்கு வந்தது. அந்தப் பிள்ளைகளை ஏற்க, அதே 1979ல் தொழில், தொழிற்சாலைப் பயிற்சி வாரியம் உருவாகிக் காத்திருந்தது. பத்தாண்டுக்கு முன் எல்லோருக்கும் பொதுவாக இருந்த பட்டறை, தோற்றவனின் இடமாகிப்போனது.

கைமட்டும் போதாது என்பது சீக்கிரமே தெரிந்தது. 1983ல் அதே வாரியம், தொடக்கக் கல்வியை முடிக்காமல் வேலைக்குப் போன பெரியவர்களுக்கு ஆங்கிலமும் கணக்கும் சொல்லித்தரும் திட்டத்தைத் தொடங்க நேர்ந்தது. புதிய இயந்திரம் வந்தால் அதன் கையேட்டைப் படிக்க வேண்டும். அளவைக் கணக்கிட வேண்டும். ஏட்டுக் கல்வி போதாது என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் நிற்கவேண்டும். கைமட்டும் கற்றவனும் பாதிதான் கற்றவன். ஏடும் கையும் எதிரெதிர் என்று பேசுவதே பிழை. ஒன்றை ஒன்று திருத்தும்போதுதான் இரண்டும் கல்வியாகின்றன.

1992 ஏப்ரல் 1ஆம் தேதி அந்த வாரியம் கலைந்து தொழில்நுட்பக் கல்விக் கழகம் பிறந்தது. பெயர்ப்பலகை மாற்றம் என்று இதைக் கடந்துபோகிறவர்கள் உண்டு. என் பார்வையில் மாறியது வாசல். இனி ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது பத்தாண்டு பள்ளியில் படிக்கும், அதன்பிறகே தொழிற்பயிற்சி. பன்னிரண்டு, பதினான்கு வயதில் எடுபிடியாக நுழைந்த இடத்துக்குள் பதினாறு, பதினேழு வயதில் வாசிக்கவும் கணக்கிடவும் தெரிந்தவனாக நுழைந்தான். 1992 முதல் 2007 வரை கழகத்தை நடத்திய லா சோங் செங், சிதறிக்கிடந்த சிறு பயிற்சி நிலையங்களை மூன்று பெருங்கல்லூரிகளாகத் திரட்டும் திட்டத்தை முன்னெடுத்தார். சிமெயில் 2005ல் கிழக்குக் கல்லூரி, சுவா சூ காங்கில் 2010ல் மேற்குக் கல்லூரி, 2013ல் ஆங் மோ கியோவில் மத்தியக் கல்லூரி. 2007ல் ஹார்வர்டு கென்னடி பள்ளியின் அரசுப் புத்தாக்க விருதும் வந்தது. ஆனாலும் ஆங்கிலத்தில் கழகத்தின் மூன்றெழுத்தை (ITE) ‘இத்தோடு முடிந்தது’ (It’s The End) என்று விரித்துக் கிண்டல் செய்யும் பேச்சு ஊரில் நிற்கவில்லை. விருது சுவரில் தொங்கியது. அந்தச் சொல்லோ பிள்ளையின் காதில் விழுந்துகொண்டிருந்தது. எத்தனை தமிழ் வீடுகளில், உறவினர் கூடிய இடத்தில் பிள்ளை எங்கே படிக்கிறான் என்ற கேள்விக்கு அம்மா பேச்சை மாற்றியிருப்பார்!

இயோ சூ காங் எம்ஆர்டி நிலையத்தில் இறங்குகிறவருக்கு இந்த வரலாற்றின் இரண்டு கிளைகளும் அருகருகே கிடைக்கும். ஒன்று நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரி. 1992ல் தொடங்கிய இக்கல்லூரி, ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானியக் கூட்டுப் பயிற்சி நிலையங்களை 1993ல் தன்னோடு இணைத்துக்கொண்டது. டாடாவிலும் ரோலையிலும் தொடங்கிய மரபின் நேரடி வாரிசு இது. முதல் முதல்வர் லின் செங் டன் ‘கற்பிக்கும் தொழிற்சாலை’ என்ற கருத்தை இங்கே வேரூன்றச் செய்தார். நிறுவனங்கள் கொண்டுவரும் உண்மையான சிக்கல்களை மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து தீர்ப்பார்கள். தவறினால் மதிப்பெண் மட்டும் குறையாது. பொருள் வேலை செய்யாது, வாடிக்கையாளர் திருப்பி அனுப்புவார். அந்தப் பதற்றம்தான் பாடம். இன்னொரு கிளை, ஆங் மோ கியோ டிரைவில் உள்ள மத்தியக் கல்லூரி. கழகத்தின் தலைமையகமும் அங்கேயே இருக்கிறது. விமானப் பராமரிப்புக் கூடம் முதல் வடிவமைப்புக் கூடம் வரை ஒரே வளாகம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகள் சூழ்ந்த பேட்டை, தொழிற்பேட்டையும் பக்கத்திலேயே. எஸ்டி மைக்ரோ எலக்ட்ரானிக்ஸின் சில்லுத் தொழிற்சாலை 1980களிலிருந்து இந்த நகரில் இயங்குகிறது. படிப்பும் வேலையும் வீடும் ஒரு பேருந்துத் தூரத்துக்குள் அமைந்த ஊர் இது.

2014ல் பலதுறைத் தொழிற்கல்லூரிகளையும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தையும் ஆராய்ந்த குழு அறிக்கை தந்தது. தொடர்ந்து தர்மன் சண்முகரத்தினம் நிதியமைச்சராக 2015ல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இயக்கத்தை அறிவித்தார். 25 வயதை எட்டிய சிங்கப்பூரர் ஒவ்வொருவருக்கும் பயிற்சிக்கென 500 வெள்ளி. 2024ல் 40 வயதை எட்டியவர்களுக்கு மேலும் 4,000 வெள்ளி. வாசல் இப்போது வயதின் பக்கமும் திறந்தது.

ஆனால் இன்னொரு வாசலைச் சொல்லாமல் இந்த ஆய்வு நேர்மையாகாது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ‘டெஸ்ட் அடிப்பது’ என்றொரு சொல்வழக்கு உண்டு. சிங்கப்பூர்க் கட்டுமான வேலைக்கு வரும்முன் பயிற்சி மையத்தில் குழாய் பொருத்தவோ, கம்பி கட்டவோ, ஓடு பதிக்கவோ கற்று, திறன் தேர்வில் தேறிச் சான்று பெறுவது. அதற்காக நகையை அடகு வைத்தவர்களும் நிலத்தை விற்றவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் தேக்கா பகுதியில் நிற்கும் கூட்டத்தில் அந்தச் சான்று வைத்திருப்பவர்கள் ஏராளம். அவர்களில் பட்டயமும் பட்டமும் படித்துவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். சூளைக் கைதிகளுக்குக் கிடைக்காத சுதந்திரம் இவர்களுக்கு உண்டு. எனினும் அவர்களின் திறன், வேலை அனுமதிச் சீட்டோடு கட்டுண்டே கிடக்கிறது. ரோலை தொழிலாளி தான் கற்றதை எடுத்துக்கொண்டு அடுத்த தொழிற்சாலைக்கு நடந்தார். இவர்களுக்கு அந்த வழி குறுகலாகவே இருக்கிறது.

மீண்டும் பள்ளிக்கு வருவோம். அங்கே விரைவு, வழக்கநிலை என்ற பிரிவுப் பெயர்கள் 2024ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களுக்கு இல்லை. பாடத்துக்குப் பாடம் வெவ்வேறு நிலையில் படிக்கும் அந்தப் பிள்ளைகள் 2027ல் ஒரே பொதுச் சான்றிதழுக்கான தேர்வை எழுதுவார்கள். அதன்பின் அவர்களில் எத்தனை பேர், நல்ல மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டே, யாரும் தள்ளாமல், தாமாக விரும்பி இயோ சூ காங் நிலையத்தில் இறங்கி மத்தியக் கல்லூரியை நோக்கி நடப்பார்கள்?