பிரின்ஸ்வில் வெள்ளம் (1999)

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், டார் ஆற்றங்கரையில் உள்ள பிரின்ஸ்வில் என்னும் சிற்றூர் ஃப்ளாய்ட் புயல் மழையால் 1999 செப்டம்பரில் ஏறக்குறைய முழுவதும் மூழ்கிய நிகழ்வு இது. அப்போது ஊரின் மக்கள்தொகை சுமார் 2,000.

உள்நாட்டுப் போர் முடிந்த 1865இல், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் இங்கே குடியேறினர். எதிர்க்கரையில் டார்பரோ நகரம் மேட்டில் இருக்க, இவர்களுக்குக் கிடைத்தது வேறு யாரும் விரும்பாத தாழ்நிலம். 1885இல் முறைப்படி நகராட்சியான இவ்வூர், கறுப்பின மக்கள் நிறுவிப் பதிவுசெய்த நகரங்களில் நாட்டிலேயே மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. டர்னர் பிரின்ஸ் என்ற தச்சரின் பெயரே ஊருக்கும். ஆறு பலமுறை ஊருக்குள் புகுந்த பின், 1967இல் ராணுவப் பொறியாளர் படை வெள்ளத் தடுப்புக் கரை கட்டியது.

1999 செப்டம்பர் தொடக்கத்தில் டென்னிஸ் புயலின் மழையால் மண் ஏற்கெனவே ஊறிக் கிடந்தது. 16ஆம் தேதி ஃப்ளாய்ட் கரையைக் கடந்தபோது, பெய்த நீரை உறிஞ்ச நிலத்தில் இடமில்லை. டார்பரோவில் 19 அடியிலேயே வெள்ள அபாய நிலையைத் தொடும் ஆறு, 41 அடியைத் தாண்டியது. ஊரார் இரவில் மணல்மூட்டை அடுக்கியும் பயனில்லை. கரை உடையவில்லை. நீர் அதன் முனையைச் சுற்றியும், கதவில்லாத மதகுக் குழாய்கள் வழியாகவும் உள்ளே வந்தது. பிறகு கரைக்கு மேலேயும் ஓடியது. உள்ளே வந்த நீரை வடியவிடாமல் தடுத்ததும் அதே கரைதான். ஒரு வாரத்துக்கும் மேலாக நீர் தேங்கி நின்றது. கூரை வரை மூழ்கிய வீடுகளில் சில, அடித்தளத்திலிருந்து பெயர்ந்து மிதந்தன. கல்லறைத் தோட்டத்திலிருந்து சவப்பெட்டிகள்கூட மேலெழுந்து மிதந்தன.

வீடுகளை விலைக்கு வாங்கிக்கொண்டு மக்களை வேறிடத்தில் குடியமர்த்த அரசு முன்வந்தது. கரையைச் சீரமைத்து அங்கேயே வாழ்வதென நகர மன்றம் 3–2 என்ற வாக்கில் முடிவெடுத்தது; மேயர் டெலியா பெர்க்கின்ஸின் வாக்கே அதைத் தீர்மானித்தது. பணக்கணக்கில் பார்த்தால் பிடிவாதமாகத் தோன்றும் முடிவு இது. ஆனால் விற்றுவிட்டால் ஊரோடு அதன் நகராட்சித் தகுதியும் போயிருக்கும். 2000இல் அதிபர் கிளின்டன் ஊரின் எதிர்காலத்துக்கெனத் தனிக் குழு அமைத்தார்.

2016 அக்டோபரில் மேத்யூ புயலின்போது ஆறு மீண்டும் கரையைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் புகுந்தது. அதன்பின் மாநில அரசு, வெள்ளம் எட்டாத பகுதியில் ஊருக்காக 53 ஏக்கர் நிலம் வாங்கியது.