விலகும் உரிமையும் ஒரு மாத நோட்டீசும்

தோட்டப்புறத் தமிழர் இந்நாட்டுக்கு வந்த வரலாற்றை நம்மவர் மிகுதியாக எழுதியிருக்கின்றனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறியதும், பினாங்கில் கரையிறங்கியதும், காட்டை அழித்து ரப்பர் நட்டதும், விடியுமுன் பால்மரம் வெட்டப் போனதும் சிறுகதைகளாகவும் கவிதைகளாகவும் மேடைப் பேச்சுகளாகவும் மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டு வருகின்றன. அதே தமிழர் ஒரு தோட்டத்தை விட்டு எவ்வாறு விலகினர், விலகுவதற்கு என்ன விலை கொடுத்தனர் என்பதை எழுதியோர் மிகச் சிலரே. ஒரு தொழிலாளிக்கு உள்ள உரிமை எத்தகையது என்பது, அவன் வேலையை விட எண்ணும் நாளில்தான் தெரியவரும்.

இன்று சிரம்பானை அடுத்த செனாவாங் தொழிற்பேட்டையில் புதிதாக வேலைக்குச் சேரும் இளைஞர், இரண்டாம் மாதத்திலேயே வேலை பிடிக்காமற்போனால், எத்தனை வார நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார். நான்கு வாரம் என்று அறிந்ததும் முகம் சுளிக்கிறார். அவருக்கு அது சுமை. அவருடைய முப்பாட்டனார் லிங்கியிலோ ரந்தாவிலோ கூலியாக இருந்த காலத்தில் ஒரு மாத நோட்டீஸ் என்பது விடுதலைச் சீட்டுக்கு ஒப்பானது. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்ட வரலாறே ஈண்டுச் சொல்லப்படுவது.

நெகிரி செம்பிலானில் தோட்டத் தொழில் ரப்பருக்கு முன்பே காப்பியோடு தொடங்கியது. சுங்கை ஊஜோங் பகுதியில் லின்சும் தோட்டம் அவ்வாறு காப்பிக்காகத் திறக்கப்பட்டவற்றுள் ஒன்று. சிரம்பானுக்கும் போர்ட் டிக்சனுக்கும் இடையே 1891இல் இரயில் ஓடத் தொடங்கிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்ததும் அவ்விருப்புப் பாதையின் இருமருங்கும், பின்னர் ரெம்பாவ், தம்பின், பகாவ் வட்டாரங்களிலும் தோட்டங்கள் பெருகின. இம்மாநிலம் கூட்டு மலாய் மாநிலங்கள் நான்கனுள் ஒன்றாதலின், கோலாலம்பூரில் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டங்களே இங்கும் ஆண்டன.

தொடக்கத்தில் வந்தவர்கள் சஞ்சிக்கூலிகள். சஞ்சி என்பது 'ஜஞ்ஜி' என்னும் மலாய்ச் சொல்லின் திரிபு. வாக்கு, ஒப்பந்தம் என்பது அதன் பொருள். ஆனால் அந்த வாக்கைக் காக்கச் சிறைச்சாலை வேண்டியிருந்தது. கூலி கப்பலேறும்போதே பயணச் செலவு அவன் கணக்கில் கடனாக எழுதப்பட்டது. மூன்றாண்டு உழைத்து அதனைத் தீர்க்க வேண்டும். இடையில் நோட்டீஸ் கொடுத்து விலகும் பேச்சுக்கே இடமில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறினால் அது 'ஓடிப்போதல்' என்னும் குற்றம். பிடிபட்டவனுக்கு அபராதமோ சிறையோ கிடைத்தது. சிறையிலிருந்த நாள்களும் வேலைக்கு வராத நாள்களும் ஒப்பந்தத்தின் இறுதியில் கூட்டப்பட்டன. மற்றத் தொழில்களில் ஒப்பந்தத்தை மீறுவது பணத்தால் தீரும் வழக்கு. தோட்டக்கூலிக்கோ அதுவே உடலால் தீர்க்க வேண்டிய கடனாயிற்று. சஞ்சி முறையில் ஆள் சேர்ப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் 1913க்குள் முடிந்தன.

அதன் இடத்தை நிரப்பியது கங்காணி முறை. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் உரிமம் பெற்றுத் தம் ஊருக்குச் சென்று, உறவினரையும் ஊராரையும் அழைத்து வருவார். 1907இல் இயற்றப்பட்ட தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் இம்முறைக்கு அடித்தளமாயிற்று. தென்னிந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், அவர்கள் வேலை செய்த நாள்களின் கணக்குப்படி அந்நிதிக்கு வரி செலுத்த வேண்டும். ஆவடி முகாமிலும் நாகப்பட்டினம் முகாமிலும் தங்கிக் கப்பலேறுவோரின் பயணச் செலவை அந்நிதி ஏற்றது. எனவே தொழிலாளி பயணக் கடனின்றி மலாயாவில் இறங்கினான். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு எந்தத் தோட்டத்தையும் விட்டு விலகலாம் என்பது சட்டமாயிற்று.

துரைமாருக்குத் திடீரென்று இரக்கம் சுரந்துவிட்டது என்று இதனைக் கொண்டால் தவறு. ஒரு தோட்டம் தன் செலவில் ஆள் கொண்டுவர, அடுத்த தோட்டம் இரண்டு காசு கூடக் காட்டி அவனை இழுத்துக்கொள்வது ரப்பர் விலை ஏறிய 1910ஆம் ஆண்டு வாக்கில் பெருஞ்சண்டையாக இருந்தது. ஆள் சேர்க்கும் செலவு எல்லாத் தோட்டங்களுக்கும் பொதுவாகிவிட்டால், ஒருவன் சிலியாவிலிருந்து லாபுக்குப் போய்விட்டாலும் எவருக்கும் தனி இழப்பில்லை. தொழிலாளியின் விலகும் உரிமை, முதலாளிகள் தங்களுக்குள் செய்துகொண்ட செலவுப் பங்கீட்டின் நிழலில் பிறந்தது. ஆயினும் பிறந்தது உரிமைதான்.

ஏட்டில் இருந்த இவ்வுரிமையை லயத்தில் எவ்வாறு பயன்படுத்துவது? நோட்டீஸ் துரையிடம் கொடுக்கப்பட வேண்டும். துரைக்கும் தொழிலாளிக்கும் இடையில் கிராணியும் கங்காணியும் நின்றனர். தம் ஆள்களில் எத்தனை பேர் வேலைக்கு வந்தனரோ அத்தனைக்கும் நாள்தோறும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஒருவன் விலகுவதென்றால் அது கங்காணியின் வருமானத்தில் துண்டு விழுவதாகும். ஆகவே விலக எண்ணியவன் தன்னை விலக விடக்கூடாது என்பதில் நாட்டமுடைய மனிதர் வழியாகவே வாய் திறக்க வேண்டியிருந்தது. அந்தக் கங்காணியும் அயலாரல்லர். மாமனோ சித்தப்பாவோ ஊர்ப் பெரியவரோ ஆவார். ஊரில் மகளின் திருமணத்துக்குப் பணம் கொடுத்தவர் அவரே. இங்கே கடையில் அரிசிக்கும் புளிக்கும் பற்று வைக்கச் சொல்லிப் பொறுப்பேற்றவரும் அவரே. சட்டம் பயணக் கடனை நீக்கிற்று. இந்தக் கடனை அது காணவேயில்லை.

அன்றியும் நோட்டீஸ் கொடுத்த ஒரு மாதம் இருக்கிறதே, அது எளிதில் கழியும் மாதமன்று. பிரட்டுக்களத்தில் அவன் பெயரைக் கூப்பிடும் குரலே மாறிவிடும். நல்ல நிரை போய் மேட்டுக்காட்டு நிரை வரலாம். சம்பளமோ மாதம் முடிந்து சில நாள் கழித்தே போடப்படும். நோட்டீசின்றிப் போனால் வேலை செய்த நாள்களின் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டும். கணவன் வெட்டுக்காட்டிலும் மனைவி களையெடுப்பிலும் இருந்தபடியால் ஒருவர் நோட்டீஸ் என்பது ஒரு குடும்பத்தின் நோட்டீஸ் ஆகும். இத்தனையும் எண்ணிப் பார்த்த பலர், சட்டப்படி விலகுவதைக் காட்டிலும் இரவோடிரவாக மூட்டை கட்டுவதே மேல் என்று முடிவு செய்தனர். ஓடிப்போனவர்களை நன்றியற்றவர்கள் என்று துரைமார் ஏசினர். அந்த ஏச்சை நம்மவரிற் சிலரும் இன்றளவும் திருப்பிச் சொல்வது வருந்தத்தக்கது.

இலங்கையில் நிலைமை இதனினும் கடுமை. அங்கே 'துண்டு' என்னும் சீட்டு இருந்தது. இந்தத் தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோரிடம் இவனை விடத் தயார் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அந்த முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. புறப்படுமுன் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தம் எதுவும் செய்யப்பட்டிருத்தலாகாது என்று அதன் விதிகள் கூறின. வந்து ஓராண்டுக்குள் உடல்நலம் கெட்டோ, வேலை தன் சக்திக்குப் பொருந்தாமலோ, முதலாளியால் அநீதி இழைக்கப்பட்டோ ஒருவர் முறையிட்டால், அவரைச் செலவின்றி ஊருக்குத் திருப்பியனுப்ப வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. முறையீடுகளைக் கேட்க இந்திய அரசின் முகவர் ஒருவர் மலாயாவில் அமர்த்தப்பட்டார். ஓடிப்போதலைச் சிறைக்குரிய குற்றமாக்கிய பிரிவுகளும் இந்தியத் தொழிலாளரைப் பொறுத்தமட்டில் 1920களின் தொடக்கத்தில் நீங்கின. புதிய வேலையைத் தொடக்கத்திலேயே விட்டுவிடும் உரிமை நம்மவர்க்கு எழுத்து வடிவில் கிடைத்தது இக்காலத்திலேயே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

விலகும் உரிமைக்கு மற்றொரு வேலை இருந்தால்தான் பொருளுண்டு. 1920களின் இறுதியில் முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலியாக வரையறுக்கப்பட்டிருந்தது. ரப்பர் விலை வீழ்ந்ததும் 1930இல் அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைந்தது. இம்முறை நோட்டீஸ் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. பல்லாயிரவர் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். எந்தத் தோட்டத்துக்குப் போவது என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், எந்தத் தோட்டம் தங்களை வைத்துக்கொள்ளும் என்று கேட்கலாயினர். இந்திய அரசு 1938இல் உதவிபெற்ற குடிபெயர்வைத் தடை செய்ததும் கங்காணியின் ஆள்சேர்ப்புக்கு முடிவு வந்தது. ஜப்பானியர் காலத்தில் சயாம் இரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது சேர்வதற்கும் விலகுவதற்கும் எந்த விதியும் இருக்கவில்லை. அதற்கு இவ்வரியே போதும்.

போருக்குப் பின் நிலைமை மாறிற்று. நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கிய பி.பி. நாராயணன், 1954இல் பல சங்கங்கள் இணைந்து உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளரானார். கங்காணி வழியாக அல்லாமல் சங்கத் தலைவர் வழியாகத் துரையிடம் பேசும் வழி அப்போதுதான் திறந்தது. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், நாடு விடுதலை பெறுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பு, 1957 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இன்று அச்சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி நோட்டீஸ் எழுத்தில் இருக்க வேண்டும். அதன் கால அளவு இரு தரப்புக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு அளவு குறிக்கப்படாவிடில் இரண்டாண்டுக்குட்பட்ட வேலைக்கு நான்கு வாரம், ஐந்தாண்டுக்குட்பட்டதற்கு ஆறு வாரம், அதற்கு மேல் எட்டு வாரம். 13ஆம் பிரிவின்படி காத்திருக்க விரும்பாதவர் அக்காலத்துக்குரிய சம்பளத்தைச் செலுத்திவிட்டு உடனே விலகலாம். 22ஆம் பிரிவு, சில விலக்குகள் நீங்கலாக, ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் முன்பணம் கொடுக்கலாகாது என்கிறது. கடனால் ஆளைக் கட்டிவைத்த பழைய வழக்கத்தை அறிந்தவர்க்கே இப்பிரிவின் அருமை விளங்கும்.

ஆயினும் இச்சட்டம் நடைமுறைக்கு வந்த அதே ஆண்டுகளில்தான் தோட்டத் துண்டாடல் தலைவிரித்தாடிற்று. வெள்ளையர் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் கூறுபோடப்பட்டுச் சிறு உடைமையாளரிடமும் குத்தகையாளரிடமும் சென்றன. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜிஸ் ஆராய்ந்து எழுதினார். துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் 1969இல் வேலைப் பெர்மிட் நடைமுறை வந்தது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்களில் பல்லாயிரவர், பிறந்து வளர்ந்த லயத்தை விட்டு அறியாத தாயகத்துக்குக் கப்பலேறினர். 1980ஆம் ஆண்டின் விதிமுறைகள், ஆட்குறைப்புக்கு உள்ளானவர்க்கு வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 10 நாள், 15 நாள், 20 நாள் சம்பளம் என்று வேலைக்காலத்துக்கேற்ப இழப்பீட்டை வரையறுத்தன.

இவற்றுள் எதுவும் வீட்டைப் பற்றிப் பேசவில்லை. தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். கோயிலும் தமிழ்ப்பள்ளியும் நடந்து போகும் தூரத்திலிருந்து விலகிவிடும். செனாவாங் இளைஞர் தொடர்ந்து இரண்டு வேலை நாள்களுக்கு மேல் சொல்லாமல் நின்றுவிட்டாலே ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படலாம் என்று 15ஆம் பிரிவு கூறுகிறது. அவர் இழக்கக்கூடியது நான்கு வாரச் சம்பளம். மாலையில் அவர் தம் வீட்டுக்குத்தான் திரும்புவார். சுவா பெத்தோங் போன்ற தோட்டத்தில் குடியிருக்கும் பால்மரம் வெட்டுபவர் நோட்டீஸ் எழுதுமுன் வாடகைக்கு வீடு தேடி, முன்பணம் சேர்த்து, பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளியில் இடம் கேட்டு வர வேண்டும். ஆதலால் சட்டம் வாரக் கணக்கில் அளந்த காலத்தை அக்குடும்பங்கள் பள்ளித் தவணைக் கணக்கில் அளந்தன. ஆண்டிறுதி விடுமுறை நெருங்கும் வரை பொறுத்திருந்து, அதன் பிறகே தகப்பனார் ஆபீசுக்குப் போய்க் கடிதத்தைக் கிராணியிடம் நீட்டினார்.