கனகக்குன்றின் கலைமேடைகள்

ஒரு நகரத்தின் பெருமையை அதன் அரண்மனைகளைக் கொண்டு அளப்பாரும், அங்காடிகளைக் கொண்டு அளப்பாரும் உளர். ஆயினும் அந்நகரத்து மக்கள் மாலைப்பொழுதில் எங்கே கூடுகின்றனர், எதைக் கேட்டும் கண்டும் மகிழ்கின்றனர், அக்கூட்டத்தில் யார் யாருக்கு இடமுண்டு என்று நோக்கினாலன்றி அதன் உள்ளம் நமக்கு விளங்காது. பிழைப்பை நாடி வந்து நாம் குடியேறிய திருவனந்தபுரத்தில் அத்தகைய இடங்களுள் தலையாயது கனகக்குன்று. அதன் வரலாறு ஒரு கட்டடத்தின் வரலாறு மட்டுமன்று. கலைக்கூடத்தின் கதவு படிப்படியாக மக்களுக்குத் திறந்த வரலாறும் ஆகும். அதனை நமது சங்கத்தின் ஆண்டு மலரில் சிறிது நினைவுகூர்வது பொருத்தமேயாம்.

இந்நகரில் கலைமேடை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது, கோட்டைக்குள் பத்மநாபசுவாமி திருக்கோயிலின் அருகே உள்ள நவராத்திரி மண்டபம். 1829 முதல் 1846 வரை அரசாண்ட சுவாதித் திருநாள் மகாராஜா, நவராத்திரியின் ஒன்பது மாலைகளுக்கும் ஒன்பது கீர்த்தனைகள் இயற்றினார். அம்முறைப்படியே இன்றும் அங்கே கச்சேரி நடைபெறுகிறது. அது வழிபாடு என்பதால் கைதட்டும் வழக்கமில்லை. இவ்விழாவுக்கும் நம் தமிழகத்துக்கும் உள்ள தொடர்பு மிக நெருங்கியது. பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி தேவியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் ஊர்வலமாக எழுந்தருள்கின்றனர். அச்சரசுவதி, கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. 1956 நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்து, களியக்காவிளையில் எல்லைக்கோடு விழுந்தது. எனினும் அக்கோடு இவ்வூர்வலத்தைத் தடுத்ததில்லை.

சுவாதித் திருநாளின் அவையிலும் தமிழர் சிறப்புற்றிருந்தனர். தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலுவுக்கு 1834-இல் தந்தத்தால் ஆன பிடில் ஒன்றை மன்னர் பரிசளித்தார். மேனாட்டு இசைக்கருவியான பிடில் நம் இசைக்கு உரியதாக ஆனதில் வடிவேலுவின் பங்கு பெரிது. ஆனால் அந்நாளில் இக்கலையெல்லாம் அரசருக்கும் ஆலயத்துக்கும் உரியதாகவே இருந்தது. மதிலுக்கு வெளியே நின்றவர்களில் பலருக்கு அதனைச் செவியால் கேட்கும் பேறும் கிட்டவில்லை.

அடுத்து நாம் காண வேண்டியது பாளையத்தில் உள்ள விக்டோரியா ஜூபிலி நகர மண்டபம். ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில் 1896-இல் எழுந்த இம்மண்டபத்தில் சொற்பொழிவுகளும் நாடகங்களும் பொதுக்கூட்டங்களும் நிகழ்ந்தன. 1904-இல் தோன்றிய ஸ்ரீமூலம் பிரஜா சபையும் இங்கேதான் கூடியது. அந்தச் சபையில், பொதுவழியில் நடக்கவும் உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்களின் தலைவரான அய்யன்காளி, 1912-இல் உறுப்பினராக எழுந்து நின்று தம் மக்களுக்கு நிலமும் கல்வியும் வேண்டும் என்று முழங்கினார். 2019-இல் அம்மண்டபத்துக்கு அய்யன்காளியின் பெயரே சூட்டப்பெற்றது. மகாராணியின் பெயரால் எழுந்த மண்டபம் உழைப்பாளியின் பெயரைத் தாங்கி நிற்பது வரலாற்றின் அழகிய திருப்பம் எனின் மிகையாகாது.

இவ்விடத்தில், நமது தொழிலோடு தொடர்புடைய செய்தி ஒன்றையும் கூறாமல் செல்ல என் மனம் ஒப்பவில்லை. 1904-இல் செங்கோட்டை வழியாகத் திருநெல்வேலியையும் கொல்லத்தையும் இணைத்த இருப்புப்பாதை, 1918-இல் இந்நகரின் சாக்கை வரையிலும், 1931-இல் தம்பானூர் வரையிலும் நீண்டது. அதன்பின் வித்துவான்கள் தம்பூராவும் மிருதங்கமுமாகப் புகைவண்டியில் வந்திறங்குவது எளிதாயிற்று. 1939-இல் சுவாதித் திருநாள் பெயரால் சங்கீத அக்காதமி நிறுவப்பெற்றபோது, அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப்பின் அப்பொறுப்பை ஏற்றவர் செம்மங்குடி சீனிவாச ஐயர். இருவரும் தமிழகத்திலிருந்து வந்தவர்களே. நாகர்கோயில் பாதையோ 1979-இல்தான் திறக்கப்பெற்றது. அதுவரை நாஞ்சில் நாட்டு ரசிகர்களுக்குப் பேருந்தே துணை.

நிற்க. இனிக் கனகக்குன்றுக்கு வருவோம். 1880-இல் கட்டி முடிக்கப்பெற்ற நேப்பியர் அருங்காட்சியகத்துக்கு அருகே, சிறு குன்றின்மேல் அமைந்தது கனகக்குன்று அரண்மனை. 1885 முதல் 1924 வரை ஆண்ட ஸ்ரீமூலம் திருநாள் இதனைக் கட்டுவித்தார் என்பர். அரச விருந்தினரை உபசரிக்கவும், விருந்துகள் நடத்தவும் இது பயன்பட்டது. மன்னராட்சி மறைந்தபின் இவ்வரண்மனை அரசின் உடைமையாகி, இப்பொழுது சுற்றுலாத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. 1985-இல் இவ்வளாகத்தில் நிஷாகந்தி என்னும் திறந்தவெளி அரங்கமும் சூரியகாந்தி என்னும் அரங்கமும் அமைந்தன. இரவில் மலரும் மலர் ஒன்று, பகலவனை நோக்கும் மலர் ஒன்று என இரு மலர்களின் பெயரை இட்டவரின் சுவையுணர்வு பாராட்டத்தக்கது.

ஒரே வளாகத்தில் பல மேடைகள் இருப்பதன் பயன் யாது? அரண்மனைக் கூடத்தில் சிலர் அமர்ந்து இசையையோ சொற்பொழிவையோ அமைதியாகக் கேட்கலாம். நிஷாகந்தியில் ஆயிரக்கணக்கானோர் நடனமும் நாடகமும் காணலாம். சூரியகாந்தித் திடலில் கண்காட்சியும் உணவு விழாவும் நடக்கும். இவை மூன்றுக்கும் இடையே உள்ள மரநிழலில், எதற்கும் செல்லாதவரும் காற்று வாங்கலாம். பரதம், கதக், ஒடிசி, மோகினியாட்டம் என நாட்டின் பல நடனங்களும் நிஷாகந்தி விழாவில் ஒரே மேடைக்கு வருகின்றன. 1996-இல் தொடங்கிய கேரள சர்வதேசத் திரைப்பட விழாவின் தொடக்க விழாக்கள் பலவும் இங்கே நடந்துள்ளன. ஓணக் காலத்தில் இக்குன்று முழுவதும் விளக்குகளால் ஒளிரும். கச்சேரி கேட்க வந்தவர் கண்காட்சியைக் காண்கிறார்; கண்காட்சிக்கு வந்த சிறுவன் தற்செயலாக நடனத்தைக் கண்டு மெய்ம்மறந்து நிற்கிறான். இத்தற்செயலே பல மேடைகள் கூடிய இடத்தின் தனிச் சிறப்பு.

கடல் கடந்த நாட்டிலும் இவ்வுண்மையைக் காணலாம். சிங்கப்பூரில் 2002-இல் திறக்கப்பெற்ற எஸ்பிளனேட் கலையரங்கம் இசைக்கு ஒரு மண்டபமும் நாடகத்துக்கு ஒரு மண்டபமும் உடையது. அவற்றோடு கட்டணமின்றிக் கண்டு களிக்கத்தக்க திறந்த மேடையும் அங்குண்டு. ஆண்டுதோறும் ‘கலா உற்சவம்’ என்னும் இந்தியக் கலைவிழாவும் அங்கே நடக்கிறது. அந்நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் தம் கலை பொதுமேடையில் மதிக்கப்படுவதைக் கண்ணாரக் காண்கின்றனர்.

கதவு திறப்பது தானாக நிகழ்வதன்று. நவராத்திரி மண்டபத்தில் பாடும் உரிமை நெடுங்காலம் ஆடவர்க்கே இருந்தது. 2006-இல்தான் அங்கே முதன்முதலாக ஒரு பெண்மணி அமர்ந்து பாடினார். அவர் பாறசாலை பொன்னம்மாள். சங்கீத அக்காதமியின் முதல் மாணவியாகச் சேர்ந்து, பின்னர் அங்கேயே ஆசிரியராக விளங்கிய அவருக்கு, அந்த மேடை எண்பது வயதைக் கடந்தபின்னரே கிட்டிற்று. தகுதி இல்லாமையால் நேர்ந்த தாமதமன்று அது, வழக்கத்தால் நேர்ந்தது.

நம்மவரைத் தடுக்கும் வழக்கம் ஒன்றும் உண்டு. அது கூச்சம். அகத்தியர் மலையடியில் போனக்காட்டுத் தேயிலைத் தோட்ட லயங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். அங்கிருந்து விதுரை, நெடுமங்காடு வழியாக நகருக்கு இறங்கி வருவது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். அத்தகையோர்க்குக் கலையரங்கம் என்பது வேறொரு உலகம். நமது காலனியிலோ குன்றுக்குச் செல்லப் பேருந்து உண்டு. பல நிகழ்ச்சிகளுக்குக் கட்டணமும் இல்லை. அவ்வாறிருந்தும் ‘அது பெரிய மனிதர்க்குரிய இடம்’ என்று வாயிலோடு திரும்புவோர் நம்மிடையே பலர். அரண்மனைக் காலத்து வேலி அகன்றுவிட்டது. நம் மனத்து வேலிதான் எஞ்சி நிற்கிறது.

ஆதலின் சங்கத்தின் முன் இரு வேண்டுகோள்களை வைக்கின்றேன். ஆண்டுக்கு ஒரு முறையேனும் நம் குழந்தைகளின் நடனமோ நாடகமோ நகரத்துப் பொதுமேடை ஒன்றில் அரங்கேற வேண்டும். அந்நாளில் மலைத்தோட்டத்துப் பிள்ளைகளையும் ஒரு வண்டி அமர்த்தி அழைத்துவர வேண்டும். பார்வையாளராக மட்டுமன்று, மேடையேறுவோராகவும் அவர்கள் வருதல் வேண்டும். நாம் உண்ணும் சோறு இந்நகரம் தந்தது. அதன் கலைமேடையில் நம் மொழியும் ஒலிப்பது அந்நகருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.

வாழ்க கலை! வளர்க தமிழ்!