முட்டி மடக்கிய கூரை

தோட்டத்துப் பள்ளியில், ஆங்கிலப் படப்புத்தகத்தில் ஒரு சிவப்புக் கொட்டகை இருந்தது. இரு பக்கமும் கூரை பாதியில் மடங்கி, இரண்டு சரிவாக இறங்கும். "ஏன் டீச்சர், கூரைக்கு முட்டி இருக்கு?" என்றேன். "சும்மா அழகுக்குத்தாம்பா" என்றார். நம்பிவிட்டேன்.

பிறகு படித்தபோதுதான் தெரிந்தது: அந்தக் கூரையின் பெயரான கேம்பிரலே குதிரையின் பின்னங்கால் மடிப்பிலிருந்து வந்ததாம்!

1867இல் அமெரிக்காவின் அயோவாவில் வில்லியம் லூடன், முகட்டை ஒட்டிய தண்டவாளத்தில் உலர்புல்லைத் தூக்கிச்செல்லும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். கொட்டகைக்குள் குறுக்கே கிடந்த உத்திரங்கள் அதற்கு இடைஞ்சல். காடுகளை வெட்டித் தீர்த்ததில் பெரிய உத்திரங்களும் அரிதாகிவந்தன. 1904இல் ஒஹாயோவின் ஜான் ஷாவர், வெறும் பலகைகளை இணைத்தே கொட்டகை எழுப்பும் முறையை நூலாக்கினார். கீழ்ச்சரிவு செங்குத்தாகவும் மேல்சரிவு தணிவாகவும் அமைய, நடுவில் குறுக்குமரம் இல்லாத பெரிய பரண் கிடைத்தது. மாடுகளின் குளிர்காலத் தீனி அங்கே ஏறியது.

அழகென்று நான் நம்பியது, புல்லுக்கு இடமும் கூரைக்கு மரமும் தேடிய குடியானவர்கள் போட்ட கணக்கு. அவர்கள் கூரை, அவர்கள் கணக்கு. நான் வளர்ந்த லயத்தின் தாழ்ந்த சிங்க் கூரையும் ஒரு கணக்குதான். அதைப் போட்டவர் யாரும் அதன் கீழே படுத்ததில்லை.