ஃபியூச்சுரா: காம்பஸும் கண்ணும்

நிலவில் ஒரு உலோகத் தகடு இருக்கிறது. 1969 ஜூலையில் அப்போலோ 11 விட்டுவந்தது. அதில் பொறித்திருக்கும் எழுத்துரு ஃபியூச்சுரா. அதை வரைந்தவரை, முப்பத்தாறு வருடங்களுக்கு முன் அவருடைய சொந்த நாடே கைது செய்திருந்தது.

அவர் பெயர் பால் ரென்னர். ஜெர்மானியர். ஃபியூச்சுராவை 1927இல் வெளியிட்டது பிராங்க்பர்ட்டின் பாவர் எழுத்து வார்ப்பகம். அன்றைய ஜெர்மனியில் செய்தித்தாள்கள் பெரும்பாலும் ஃப்ராக்டூர் எழுத்தில்தான் வந்தன. பட்டைப் பேனாவால் ஒடித்து ஒடித்து எழுதியது போன்ற கூரான எழுத்து அது. ரென்னர் வட்டம், சதுரம், முக்கோணம் மூன்றையும் அடிப்படையாக எடுத்துக்கொண்டார். எழுத்து முனைகளில் இருக்கும் சின்னக் குறுக்குக் கோடுகளை நீக்கினார். ஆரம்ப வரைவில் சின்ன 'ஆர்' என்பது ஒரு கம்பமும் பக்கத்தில் ஒரு புள்ளியும், அவ்வளவுதான். ஆனால் படிக்க முடியணுமே! கடைசியில் வழக்கமான வடிவமே நிலைத்தது.

காம்பஸும் ஸ்கேலும் இருந்தால் போதுமே, இதுல வடிவமைக்க என்ன இருக்கு? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் கம்ப்யூட்டரில் ஒரு வட்டம், அதை ஒட்டி ஒரு கம்பம், இரண்டும் ஒரே தடிமனில் போட்டு ஆங்கிலச் சின்ன 'பி' வரைந்து பார்த்தேன். சேரும் இடத்தில் மை கொட்டியது போல ஒரே இருட்டு. கணக்கு சரி, கண் ஒத்துக்கொள்ளவில்லை. ரென்னரின் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த இடத்தில் வளைவு மெலிகிறது. பெரிய 'ஏ'யின் உச்சி, பக்கத்து எழுத்துகளைவிடக் கொஞ்சம் மேலே நீள்கிறது. நீளாவிட்டால் குள்ளமாகத் தெரியும். சுத்தமான வடிவியலாகத் தெரிவதற்காக, வடிவியலை அங்கங்கே விட்டுக்கொடுத்திருக்கிறார்.

எழுத்தில் வேறு வகைச் சுத்தம் தேடியவர்களும் அப்போது இருந்தார்கள். நவீனக் கலையைப் 'பண்பாட்டு போல்ஷெவிசம்' என்று நாஜிகள் திட்டினார்கள். அதை எதிர்த்து 1932இல் ரென்னர் ஒரு சிறு நூல் எழுதினார். அடுத்த வருடம் நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். ரென்னர் கைதானார்; மியூனிக்கில் அவர் நடத்திவந்த அச்சுக்கலைப் பள்ளியின் தலைமைப் பதவியும் போனது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1941 ஜனவரியில், ஹிட்லரின் பெயரால் மார்ட்டின் போர்மான் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். ஃப்ராக்டூர் யூதர்களின் எழுத்தாம், இனி ரோமன் எழுத்துதானாம். யூதர் கதை சுத்தப் பொய். நேற்றுவரை தேசத்தின் அடையாளம், இன்று எதிரியின் எழுத்து. எழுத்தில் ஒரு கோடுகூட மாறியிருக்கவில்லை.

ஹிட்லர் ஆட்சியில் பிறந்த ஃபோக்ஸ்வாகன், 1960களில் தன் விளம்பரங்களுக்கு ஃபியூச்சுராவை எடுத்துக்கொண்டது. குப்ரிக்கும் வெஸ் ஆண்டர்சனும் அதைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். ரென்னர் 1956இலேயே இறந்துவிட்டார். நிலவுத் தகட்டை அவர் பார்க்கவில்லை.

அடுத்த முறை ஃபியூச்சுரா கண்ணில் பட்டால், பெரிதாக்கி அந்தச் சின்ன 'பி'யைப் பாருங்கள். வட்டம் கம்பத்தைத் தொடும் இடத்தில் கொஞ்சம் மெலிந்திருக்கும்.