நிறக்கண்ணாடி வேலைக்கு எந்தச் சோல்டர்?

தேவாலய யன்னல்களின் நிறக்கண்ணாடித் துண்டுகளைத் தாங்குபவை ஈயச் சட்டங்களும், அவற்றின் மூட்டுகளில் உருக்கி இடப்படும் சோல்டருமே. வழக்கமான சோல்டர் வெள்ளீயமும் ஈயமும் சேர்ந்த கலவை. சுருளில் உள்ள முதல் எண் வெள்ளீயத்தின் வீதம்.

60/40: 183 பாகை செல்சியசில் இளகத் தொடங்கி, ஏறக்குறைய 190 பாகையில் முழுதாக உருகும். விரைவில் இறுகுவதால், செப்பு நாடா ஒட்டிய துண்டுகளின் இடையே உருண்டு திரண்ட, வழவழப்பான கோடு கிடைக்கும்.

50/50: முழுதாக உருக 216 பாகை வேண்டும். இறுகச் சற்று நேரம் எடுப்பதால் தட்டையாகப் பரவும்; ஈயச் சட்ட மூட்டுகளுக்கு உகந்தது. ஆனால் சட்டத்தின் ஈயமே 327 பாகையில் உருகிவிடும். சூடான அயனை ஓரிடத்தில் வைத்திருக்கக் கூடாது.

வானொலி திருத்தப் பயன்படும், நடுவில் பிசின் உள்ள கம்பி வேண்டாம். பிசின் கருகிக் கறையாக ஒட்டிக்கொள்ளும். பிசினில்லாத கம்பியை வாங்கி, பிளக்சைத் தனியாகப் பூசுங்கள்.

ஈயமற்ற சோல்டருக்கு விலையும் வெப்பமும் கூடுதலாகத் தேவை. ஆயினும் நகைகளுக்கும் சிறுவர் கைபடும் பொருட்களுக்கும் அதுவே பொருத்தம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வீட்டில் சுயதொழிலாகச் செய்பவர்கள் குசினியில் இந்த வேலையைச் செய்யக் கூடாது. காற்றோட்டமான இடத்தில் செய்து, சாப்பிடுவதற்கு முன் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும்.